ஃபெராராவில் விஷம் தேட வேண்டாம்

லுக்ரேசியா தே மெடிசியை அவள் கணவனான, இத்தாலியின் ஃபெராரா நகரத்தை ஆண்ட டியூக், விஷம் வைத்துக் கொல்லவில்லை என்று சொல்லிப் பாருங்கள், எதிரில் இருப்பவர் முகம் வாடிவிடும். அந்த டியூக்குக்கு வக்காலத்து வாங்க வந்தவரைப் பார்ப்பது போலத்தான் உங்களைப் பார்ப்பார். எனக்கு இது பழகிவிட்டது. சரித்திர நாவல் பைத்தியங்கள் நாலு பேர் கூடி, பேச்சு மறுமலர்ச்சிக் கால இத்தாலிப் பக்கம் திரும்பினால், பதினாறு வயதில் செத்துப்போன இந்தப் பெண் எப்படியும் வந்துவிடுவாள். கூடவே ஒரு விஷக் கோப்பையும் வரும். கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்தும் என் தோழி ஒருத்தி, கடைசியாக இதைப் பேசியபோது கோபமாகவே கேட்டாள்: "எப்பப் பார்த்தாலும் ஆதாரம் ஆதாரம்ங்கிறியே, கொன்னவன் ரசீது எழுதி வச்சிட்டா போவான்?"

நல்ல கேள்விதான். அப்படி எழுதி வைத்தவர்களும் அந்தக் குடும்பத்தில் இருந்தார்கள். அதற்கு அப்புறம் வருகிறேன்.

பி.ஏ. ஆங்கிலம் படித்தவர்களுக்கு இந்தப் பெண் எங்கே அறிமுகமானாள் என்று சொல்லத் தேவையில்லை. ராபர்ட் பிரவுனிங் 1842-ல் வெளியிட்ட 'மை லாஸ்ட் டச்சஸ்'. செத்துப்போன மனைவியின் படத்தைத் திரை விலக்கிக் காட்டுகிறான் ஒரு டியூக். பார்ப்பவர் அடுத்த கல்யாணம் பேச வந்திருக்கும் தூதர். அவள் எல்லோரையும் பார்த்து ஒரே மாதிரி சிரித்தாள், தான் கொடுத்த தொள்ளாயிரம் வருடத்துப் பெயரும் எவனோ பறித்துக் கொடுத்த செர்ரிப் பழமும் அவளுக்கு ஒன்றாகவே இருந்தன என்று குறைப்படுகிறான். பிறகு உத்தரவு போட்டானாம், சிரிப்பெல்லாம் நின்றுவிட்டதாம். "என்ன உத்தரவு?" என்று எங்கள் பேராசிரியர் கேட்டார். மொத்த வகுப்பும் ஒரே குரலில் "கொலை" என்றது. தேர்விலும் அதையே எழுதி மார்க் வாங்கினோம். பிரவுனிங்கிடமே பிற்காலத்தில் ஒருவர் இதைக் கேட்டிருக்கிறார். கொல்லச் சொன்ன உத்தரவுதான் என்று முதலில் சொன்னவர், கொஞ்சம் நிறுத்தி, மடத்தில் அடைக்கச் சொன்னதாகவும் இருக்கலாம் என்றாராம். எழுதியவருக்கே இல்லாத உறுதி எங்கள் வகுப்புக்கு இருந்தது.

கவிதையில் பெயர் எதுவும் கிடையாது. தலைப்புக்குக் கீழே 'ஃபெராரா' என்று ஊர் மட்டும் இருக்கும். அந்த டியூக் இரண்டாம் அல்ஃபோன்சோ தெ எஸ்தே, செத்துப்போன மனைவி லுக்ரேசியா, பேச்சு நடப்பது ஆஸ்திரியாவின் பார்பராவுக்காக என்று ஓர் ஆய்வாளர் வரிசையாகப் பொருத்திக் காட்டியது 1936-ல். அதன் பிறகு கவிதை சொன்னது வரலாறாகிவிட்டது. 1561 ஏப்ரல் 21 அன்று ஒரு பெண் நோயில் இறந்தாள் என்ற செய்தியை இப்போது யாரும் அந்தத் திரைச்சீலை இல்லாமல் படிப்பதில்லை.

நாவல் எழுதுபவர்களுக்கு இது லட்டு மாதிரி கிடைத்த விஷயம். பதின்மூன்று வயதில் கல்யாணம், பதினைந்து வயதில் தெரியாத ஊருக்குப் பயணம், நாலு கோபுரமும் அகழியுமாக ஒரு கோட்டை, பதினொரு வயது மூத்த கணவன், பதினாறில் சாவு. கோட்டைக்குச் சொந்தமாகவே ஒரு ரத்தக் கதையும் உண்டு. 1425-ல் அல்ஃபோன்சோவின் கொள்ளுத்தாத்தாவுக்கு அப்பாவான மூன்றாம் நிக்கோலோ, தன் இளம் மனைவி பாரிசினாவையும் முதல் தாரத்தின் வழியில் இல்லாமல் வேறு பெண்ணிடம் தனக்குப் பிறந்த மகன் ஊகோவையும் அங்கேதான் தலை வெட்டினான். இரண்டு பேருக்கும் இருபது வயதுதான் இருக்கும். அவர்களை வைத்திருந்த நிலவறையை இன்றும் சுற்றுலாக்காரர்களுக்குக் காட்டுகிறார்கள். இப்படி ஒரு வீட்டுக்கு ஒரு பெண் வாழ்க்கைப்பட்டு ஒரே வருடத்தில் செத்தால், படிப்பவர் சந்தேகப்படாமல் என்ன செய்வார்? சந்தேகத்தை நான் குறை சொல்லவில்லை. அது வேலை செய்யும் திசைதான் எனக்கு இடிக்கிறது. எல்லாச் சந்தேகமும் புகுந்த வீட்டின் மேலேயே விழுகிறது. பிறந்த வீட்டை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை.

மெடிசி வீட்டுச் சாவுகள்

லுக்ரேசியாவின் அப்பா ஃப்ளாரன்ஸின் டியூக் முதலாம் கோசிமோ. அம்மா எலியோனோரா, நேப்பிள்ஸில் ஸ்பெயின் அரசரின் பிரதிநிதியாக ஆண்டவரின் மகள். பதினொரு பிள்ளைகள். அந்த வீட்டில் யார் செத்தாலும் ஊர் ஒரு கொலைக் கதை சொன்னது. மூத்த மகள் மரியா 1557 நவம்பரில், பதினேழு வயதில், காய்ச்சலில் போனாள். காதல் விவகாரம், அப்பாவே தீர்த்துக்கட்டினார் என்றார்கள். 1562 கடைசியில் ஜியோவன்னி, கார்ஸியா என்ற இரண்டு மகன்களும் அவர்களின் அம்மாவும் சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து இறந்தார்கள். அண்ணனைத் தம்பி குத்தினான், தம்பியை அப்பா வாளால் முடித்தார், அம்மா துக்கத்தில் போனாள் என்று அதற்கும் கதை தயார். 1587 அக்டோபரில் மூத்த மகன் பிரான்செஸ்கோவும் அவன் இரண்டாம் மனைவி பியாங்கா கப்பெல்லோவும் ஒருநாள் இடைவெளியில் இறந்தார்கள். தம்பி ஃபெர்டினாண்டோ விஷம் வைத்துவிட்டான் என்றது ஊர்.

நம் காலத்தில் மெடிசி கல்லறைகளைத் திறந்து எலும்புகளைச் சோதித்தார்கள். எலியோனோரா, ஜியோவன்னி, கார்ஸியா மூவரின் எலும்பிலும் மலேரியாவின் தடயம் இருந்தது. வாளும் இல்லை, கத்தியும் இல்லை. பீசா பக்கத்துச் சதுப்பு நிலமும் கொசுவும்தான். பிரான்செஸ்கோ விஷயத்தில் மட்டும் இழுபறி. 2006-ல் ஒரு குழு ஆர்செனிக் என்றது, 2010-ல் இன்னொரு குழு எலும்பில் மலேரியாக் கிருமியின் அடையாளத்தைக் காட்டியது. நான் கொசுவின் பக்கம்.

லுக்ரேசியாவின் சாவும் இதே வரிசையில்தான் வருகிறது. அவள் நோயில் படுத்ததும் கோசிமோ தன் வைத்தியரை ஃபெராராவுக்கு அனுப்பினார். நுரையீரல் காசநோய் என்பதே இன்று பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. விஷப் பேச்சு கிளம்பியதற்குக் காரணம் தேட ரொம்பத் தூரம் போக வேண்டாம். எஸ்தேக்கள் பழங்குடிப் பிரபுக்கள், மெடிசிகள் நேற்றுவரை வட்டிக் கடை வைத்திருந்தவர்கள். போப்பின் அவையிலும் பேரரசரின் அவையிலும் யாருடைய தூதர் முன்னால் நடப்பது என்று இரண்டு வீடுகளும் வருடக்கணக்கில் அடித்துக்கொண்டன. எதிராளி மேல் பூச விஷத்தைவிட மலிவான சேறு அந்தக் காலத்தில் கிடையாது.

இனி அந்த ரசீது. 1576 ஜூலையில், ஒரு வாரத்துக்குள், மெடிசி வீட்டில் இரண்டு பெண்கள் செத்தார்கள். ஒருத்தி லியோனோரா தெ டோலெடோ. கோசிமோவின் மனைவி எலியோனோராவின் அண்ணன் தம்பி வழி மருமகள். ஃப்ளாரன்ஸிலேயே பிறந்து, அத்தை வீட்டிலேயே வளர்ந்து, 1571-ல் அத்தை மகன் பியேத்ரோவுக்கே வாழ்க்கைப்பட்டவள். கஃபாஜியோலோ மாளிகையில் இரவோடு இரவாக இறந்தாள். இதயம் நின்றுவிட்டது என்று அறிவித்தார்கள். சில நாள் கழித்து இசபெல்லா. கோசிமோவின் செல்ல மகள், பாவ்லோ ஜியோர்தானோ ஓர்சினியின் மனைவி. செர்ரெத்தோ கூயிதி மாளிகையில் தலைக்குக் குளிக்கும்போது மயங்கி விழுந்துவிட்டாளாம். ஃபெராராவின் தூதர் தன் டியூக்குக்கு வேறு மாதிரி எழுதினார். இரண்டு பெண்களையும் கணவன்மார் கழுத்தை நெரித்துவிட்டார்கள் என்றார். இசபெல்லா நோயில்தான் போனாள் என்று வாதாடும் வரலாற்றாசிரியர்கள் உண்டு, அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. லியோனோரா விஷயத்தில் வாதமே இல்லை. அப்போது ஆட்சியில் இருந்த பிரான்செஸ்கோ, ஸ்பெயினில் இருந்த தன் தூதருக்கு விவரம் எழுதி அனுப்பினான். என் தம்பியே அவள் உயிரை எடுத்தான், அவள் செய்த துரோகத்துக்காக. அரசர் பிலிப்பிடம் உண்மையைச் சொல்லிவிடு.

என் தோழிக்கு இதைச் சொன்னபோது, "பாத்தியா, கொன்னிருக்கானுங்கல்ல?" என்றாள். கொன்றார்கள்தான். ஆனால் எங்கே, எப்போது, யாருடைய சம்மதத்தோடு என்று பார்க்க வேண்டும். ஊர் கொலை என்று கத்திய இடங்களில் பெரும்பாலும் கொசுவும் காசநோயும். அரண்மனை நோய் என்று அடக்கமாகச் சொன்ன இடத்தில் கொலை. இசபெல்லாவை அப்பா உயிரோடு இருந்தவரை யாராலும் தொட முடியவில்லை. கல்யாணமாகியும் அவள் கணவன் ஊருக்குப் போகாமல் ஃப்ளாரன்ஸிலேயே ராணி மாதிரி இருந்தாள். கோசிமோ 1574-ல் இறந்தார், ஆட்சி அண்ணன் கைக்கு வந்தது, இரண்டே வருடம். லியோனோராவுக்கோ பிறந்த வீடு என்று தனியாக ஒன்று ஃப்ளாரன்ஸில் இல்லவே இல்லை. கணவன் கையை ஓங்குவதற்கு முன்னால் பிறந்த வீடு கையை விட்டிருக்க வேண்டும். அந்தக் கால இத்தாலியப் பிரபு வீடுகளில் கொலை நடந்த வழி அதுதான். அந்தக் கணக்கில் 1561-ன் அல்ஃபோன்சோவுக்கு லுக்ரேசியாவைக் கொல்ல ஒரு காரணமும் இல்லை. மாமனார் உயிரோடும் பலத்தோடும் இருக்கிறார், பிள்ளை பிறக்கவில்லை, அவள் போனால் உறவும் போகும்.

பெயர் மாறிய குளிர்காலம்

அப்படியென்றால் அந்தக் கல்யாணத்தில் ஆபத்து இல்லையா? இருந்தது. நாவல்களும் கவிதையும் அதை 1561-ல் ஒரு படுக்கையறையில் தேடுகின்றன. நான் 1557 நவம்பர் 19-க்கும் 1558 ஜூலை 3-க்கும் நடுவில் தேடுவேன்.

அல்ஃபோன்சோவுக்கு முதலில் பேசியிருந்தது லுக்ரேசியாவை இல்லை, அக்கா மரியாவை. ஏன் பேசினார்கள் என்பது சுத்தமாக அரசியல். கோசிமோ ஸ்பெயின் பக்கம். சியெனாவைப் பிடித்துக்கொடுத்ததற்குக் கூலியாக அந்த நகரத்தையே 1557-ல் பிலிப்பிடம் வாங்கிக்கொண்டார். அல்ஃபோன்சோவின் அப்பா இரண்டாம் எர்கோலே பிரான்ஸ் பக்கம் சாய்ந்து, தோற்கும் குதிரையில் பணம் கட்டியிருந்தார். ஸ்பெயினோடு அவருக்குச் சமாதானம் வேண்டும், நடுவில் நிற்க ஆள் கோசிமோ. சமாதானத்துக்கு முத்திரை ஒரு கல்யாணம். நவம்பர் 19 அன்று மணப்பெண் இறந்துவிட்டாள். சமாதானம் இறக்கவில்லை. ஆக, பேச்சு நிற்காமல் தொடர்ந்தது, பெயர் மட்டும் மாறியது. அடுத்த ஜூலையில் மரியா நிற்க வேண்டிய இடத்தில் பதின்மூன்று வயது லுக்ரேசியா நின்றாள்.

அக்கா போனால் தங்கை என்பது நம் காதுக்குப் புதிதில்லை, அதனால் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுவோம். நாவல்களும் ஒரு அத்தியாயத்தில் கடந்துவிடுகின்றன. அங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தால்தான் கலக்கம் தெரியும். அந்தக் குளிர்காலத்தில் கோசிமோவும் எலியோனோராவும் மகளை இழந்த பெற்றோர். அவர்கள் கல் நெஞ்சக்காரர்கள் என்பதற்குச் சான்று இல்லை, மாறாகப் பிள்ளைகளை அந்தக் கால அரச வீடுகளில் பார்க்க முடியாத அளவு பக்கத்தில் வைத்து வளர்த்தவர்கள். ப்ரோன்ஸினோவைக் கொண்டு குழந்தைகளைப் படம் வரைய வைத்தவர்கள். அழுதுகொண்டே அவர்கள் அந்தக் கல்யாண ஒப்பந்தத்தில் அடுத்த பெயரைச் சொல்லியிருக்க வேண்டும். அதில் வில்லத்தனம் எதுவும் தேவைப்படவில்லை. இந்த இடம்தான் என்னைத் தூங்க விடாதது. விஷம் வைக்க ஒரு கெட்டவன் வேண்டும். பெயரை மாற்ற, அன்பான அப்பாவே போதும்.

அவளுக்கு இது முதல் தடவையும் இல்லை. ஏழு வயதைத் தாண்டும் முன்பே போப் மூன்றாம் ஜூலியஸின் உறவுக்காரன் ஃபாபியானோ தெல் மோந்தேவுக்கு அவளைப் பேசியிருந்தார்கள். 1555-ல் போப் இறந்தார், அந்தச் சம்பந்தத்தால் பயன் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. ஆக, பத்து வயதில் ஒரு போப்பின் சாவு அவளை விடுவித்தது, பன்னிரண்டு வயதில் அக்காவின் சாவு மறுபடி கட்டிப்போட்டது. இரண்டு தடவையும் அவளிடம் யாரும் எதுவும் கேட்டிருக்கப் போவதில்லை.

பணத்தையும் சொல்லிவிட வேண்டும். லுக்ரேசியாவின் சீர்ப்பணம் 2,00,000 ஸ்குடி பொன் நாணயங்கள். இசபெல்லாவுக்கு ஓர்சினி வீட்டில் பேசியது 50,000. ஒரே வீட்டுப் பெண்களுக்குள் நாலு மடங்கு வித்தியாசம், அது மாப்பிள்ளை வீட்டின் விலை. சீர்ப்பணம் கொடுப்பதை ஃப்ளாரன்ஸ்காரர்கள் அரசாங்க நிதித் திட்டமாகவே ஆக்கி வைத்திருந்தார்கள். மகள் குழந்தையாக இருக்கும்போதே அப்பா நகர நிதியில் ஒரு தொகை கட்டுவார், அவள் கல்யாண வயதில் அது வளர்ந்து மாப்பிள்ளை கைக்குப் போகும், நடுவில் நகரம் அதை வைத்துப் போர்க்கடனைச் சமாளிக்கும். அதைத் தொடங்கியது 1425-ல், அதாவது ஃபெராராவில் பாரிசினாவின் தலை விழுந்த அதே வருடம். இரண்டில் எது நாவலுக்குள் போகும் என்று கேட்கவே வேண்டாம். என்னைக் கேட்டால் அந்த ஊர்ப் பெண்களின் வாழ்க்கையை அதிகமாகத் தீர்மானித்தது கோடாலி இல்லை, அந்த வைப்பு நிதிதான்.

கணவன் இல்லாத கல்யாணம்

1558 ஜூலை 3 கல்யாணம். மூன்றாம் நாள் மாப்பிள்ளை பிரான்ஸுக்குக் கிளம்பிவிட்டான், அரசர் இரண்டாம் ஹென்றியின் படையில் சேர. பெண் அம்மா வீட்டிலேயே இருந்தாள். இப்படியே ஒன்றரை வருடத்துக்கு மேல் ஓடியது. கவிதையின் டியூக் மனைவியின் ஒவ்வொரு சிரிப்பையும் எண்ணிக்கொண்டிருந்தவன். நிஜ டியூக் அவள் சிரித்தாளா என்று பார்க்கும் தூரத்திலேயே இல்லை. 1559 ஜூன் கடைசியில் பாரிஸில் அந்தப் பிரசித்தி பெற்ற ஈட்டிப் போட்டி நடந்தது. ஹென்றியின் தலைக்கவசத்துக்குள் ஈட்டித் துண்டு பாய்ந்து பத்து நாளில் அரசர் செத்தாரே, அந்தப் போட்டி. அரசரின் அணியில் இறங்கிய மூன்று பிரபுக்களில் ஒருவன் இந்த அல்ஃபோன்சோ. மனைவிக்குப் பதினாலு வயது, அவள் ஃப்ளாரன்ஸில். அந்த அக்டோபரில் எர்கோலே இறந்து டியூக் பட்டம் தன் தலையில் விழுந்த பிறகுதான் அவனுக்கு ஃபெராரா நினைவுக்கு வந்தது. 1560 பிப்ரவரி 17 அன்று லுக்ரேசியா ஊருக்குள் நுழைந்தாள். மூன்று நாள் முன்னால்தான் பதினைந்து வயது முடிந்திருந்தது.

அங்கே அவளுக்கு வாய்த்த மாமியாரைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடித்த ஆள் அவர்தான். ரெனே, பிரான்ஸ் அரசர் பன்னிரண்டாம் லூயியின் மகள். புராட்டஸ்டண்ட் சாய்வு. தப்பி வந்த புராட்டஸ்டண்ட் தலைவர் கால்வினுக்கே 1536-ல் தன் வீட்டில் இடம் கொடுத்தவர். 1554-ல் அவர் கணவர் எர்கோலேயே மதத் துரோகம் என்று முறையிட்டு, மத விசாரணையாளரை வரவழைத்து, அவரைச் சிறை வைத்தார். மகள்களைப் பிரித்தார். பாவமன்னிப்புக் கேட்டுப் பூசையில் கலந்துகொண்ட பிறகே விட்டார்கள். கணவர் செத்ததும் 1560 செப்டம்பரில் ரெனே பிரான்ஸுக்கே போய்விட்டார். அப்படியானால் பிப்ரவரி முதல் செப்டம்பர் வரை ஏழு மாதம், கணவனால் சிறை வைக்கப்பட்ட ஒரு ஐம்பது வயது அம்மாளும் கணவனைச் சரியாகப் பார்த்தே இராத பதினைந்து வயதுப் பெண்ணும் ஒரே ஊரில், ஒரே குடும்பத்தில் இருந்திருக்கிறார்கள். மாமியார் ஊரை விட்டுப் போக மூட்டை கட்டுகிறார், மருமகள் இப்போதுதான் மூட்டை பிரிக்கிறாள். என்ன பேசியிருப்பார்கள்? ஒருவேளை பேசியே இருக்க மாட்டார்கள். ரெனே அரசர் மகள், இவள் வட்டிக்கடைப் பரம்பரை. அந்த ஏழு மாதத்தை எழுத ஒரு கை வேண்டும். விஷக் கோப்பையை எழுத யார் வேண்டுமானாலும் போதும்.

இதில் அல்ஃபோன்சோவை நல்லவன் ஆக்கும் உத்தேசம் எனக்கு இல்லை. லுக்ரேசியா போய் நாலு வருடம் கழித்து, 1565-ல் ஆஸ்திரியாவின் பார்பராவைக் கட்டினான். அவளும் 1572-ல் இறந்தாள், அவளுக்கும் காசநோய். 1579-ல் நாற்பத்தைந்து வயதில் மார்கெரீத்தா கொன்சாகாவைக் கட்டினான், அவளுக்குப் பதினைந்துகூட முழுதாக நிரம்பவில்லை. ஒரு வாரிசுக்காக மூன்று பெண்கள், வாரிசு வரவில்லை. குறை யாரிடம் என்று மூன்றாவது கல்யாணத்துக்குள்ளாவது புரிந்திருக்க வேண்டும். 1597-ல் அவன் செத்தான், அடுத்த வருடமே போப் ஃபெராராவை எடுத்துக்கொண்டார், எஸ்தே குடும்பம் பெட்டி படுக்கையோடு மொடெனாவுக்குப் போனது. அதே 1598-ல் அவன் அவையின் புகழ்பெற்ற பாடகி அன்னா குவாரீனியை அவள் கணவன் கொன்றான். உடந்தை அவளுடைய சொந்த அண்ணன் தம்பி ஒருவன். பிறந்த வீடு கையை விடுவது என்று மேலே எழுதினேனே, அதற்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் என்னிடம் இல்லை. இவளைப் பற்றிக் கவிதை எழுத எந்தப் பிரவுனிங்கும் வரவில்லை.

யார் படிப்பார்கள்?

"நீ சொல்ற மாதிரி நாவல் எழுதினா யாருடி படிப்பா? கொலை இல்லை, வில்லன் இல்லை, ஹீரோ மூணாம் நாளே ஊரை விட்டு ஓடிடறான்" என்றாள் தோழி. அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வாசகருக்குப் பயம் வேண்டும், பயத்துக்கு ஒரு முகம் வேண்டும். கொலை என்று வைத்துக்கொண்டால் தப்பிப்பதற்கும் வழி வைக்கலாம். ரகசியக் கதவு, விசுவாசமான பணிப்பெண், மாறுவேடம். வாசகர் அவளைக் காப்பாற்ற ஆசைப்படுகிறார், நாவலாசிரியர் அந்த ஆசையைத் தீர்த்துவைக்கிறார். காசநோயிலிருந்து 1561-ல் யாரும் சுரங்கப் பாதை வழியாகத் தப்ப முடியாது. ஒப்பந்தத்திலிருந்தும் முடியாது. இன்னொன்றும் சொன்னாள்: நிஜத்தில் குரலே இல்லாமல் போன பெண்ணுக்குக் கதையிலாவது ஒரு எதிரி கிடைத்தால் அவள் எதிர்த்து நிற்பாள் இல்லையா, வெறுமனே இருமிச் செத்தால் என்ன மிஞ்சும்? இதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. பிறகு யோசித்தபோது தோன்றியது இது: எதிரியைக் கோட்டைக்குள் வைத்ததும் ஃப்ளாரன்ஸ் தப்பித்துவிடுகிறது. அந்த நாவல்களில் பிறந்த வீடு என்பது ஏங்குவதற்கான இடம். அம்மா கையால் சாப்பிட்டது, அப்பா வளர்த்த மிருகங்கள், அக்கா தங்கை சிரிப்பு. கெட்டதெல்லாம் எல்லை தாண்டிய பிறகு. மகளை அனுப்பிய கைகளைப் படிப்பவர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை.

லுக்ரேசியாவின் படம் ஒன்று அமெரிக்காவில் வட கரோலினா அருங்காட்சியகத்தில் இருக்கிறது, அலெஸ்ஸாண்ட்ரோ அல்லோரி வரைந்ததாகக் கருதப்படுவது, 1560 வாக்கில். கறுப்பு உடை, நகைகள், பிடி கொடுக்காத ஒரு பார்வை. கவிதையில் வரும் கன்னச் சிவப்பு எதுவும் அதில் கிடையாது. கவிதையில் வருவது போலத் திரைக்குப் பின்னால் பூட்டி வைப்பதற்கான படம் இல்லை அது. மெடிசிகள் பிள்ளைகளின் படங்களைப் பிரதி எடுத்து அவை அவையாக அனுப்பும் வழக்கம் உள்ளவர்கள், எல்லோரும் பார்க்க வேண்டும் என்பதுதான் நோக்கமே. கல்யாணச் சந்தையில் படம் பேசும்.

ஆகவே அந்த நாவலை யாராவது எழுதுவதாக இருந்தால், என் பங்குக்குச் சில கோரிக்கைகள். முதல் பாதி முழுக்க ஃப்ளாரன்ஸில் நடக்கட்டும். மரியாவுக்கு ஒரு நூறு பக்கமாவது கொடுங்கள், அவள் போகும்போது படிப்பவருக்கு வலிக்க வேண்டும், அந்த வலி ஆறுவதற்குள் பெயர் மாற வேண்டும். கோசிமோவை நல்ல அப்பாவாகவே விடுங்கள். ரெனேவுக்கு ஒரு நீண்ட அத்தியாயம். அல்ஃபோன்சோ மூன்றாம் நாள் பிரான்ஸுக்குப் போகட்டும், அவனைத் திரும்ப அழைத்துவர ஒரு அவசரமும் இல்லை. வில்லன் இல்லாமல் முந்நூறு பக்கம் நகராது என்று பதிப்பாளர் சொன்னால் சீர்ப்பணக் கணக்கு எழுதிய குமாஸ்தாவைக் கொண்டுவாருங்கள். அவனுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இருந்திருக்காது, கையெழுத்து மட்டும் நன்றாக இருந்திருக்கும்.